காங்கேசன்துறையில் ஆறரை மணி நேரம்

யூட்யூபில் கப்பலைத் தவறவிடுகிறவர்களின் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. ‘பியர் ரன்னர்ஸ்’ என்று அதற்கொரு பெயரே வைத்திருக்கிறார்கள். கையில் ஷாப்பிங் பை, தலையில் தொப்பி, ஒரு செருப்பு கழன்றுவிட்ட நிலையில் ஒரு தம்பதி துறைமுக மேடையில் ஓடிவருவார்கள். மேல் தளங்களிலிருந்து ஆயிரம் பேர் கைதட்டிக்கொண்டிருப்பார்கள். சில வீடியோவில் ஏணியை எடுக்கும் முன் ஏறிவிடுவார்கள். சிலதில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் மெல்ல மெல்ல அகலமாகும். அந்த இடைவெளி அகலமாவதைப் பார்க்க எனக்கு வயிற்றைப் பிசையும். இருந்தும் இரண்டு மாதம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம், 2023 ஜூலையில் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு கப்பலில் போவதாக இருந்தது.

அந்த வருஷம் ஜூன் 5ஆம் தேதிதான் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு உல்லாசக் கப்பல் விட ஆரம்பித்தார்கள். எம்ப்ரஸ் என்று பெயர். ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று நிறுத்தம், பிறகு திரும்பவும் சென்னை. பிரான்சின் சென் நசேரில் கட்டப்பட்டு 1990இல் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் கடலுக்கு வந்த கப்பல் அது. நடுவில் சில வருஷம் ஸ்பெயின் கம்பெனி ஒன்றிடம் இருந்துவிட்டு, கடைசியில் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கும் அதற்கும் ஒரே வயசு. (2022இல் இதே கப்பல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போனபோது, உள்ளே சூதாட்டம் இருக்கிறது என்று சர்ச்சையாகி, இறங்க அனுமதி கொடுக்கவில்லை. புதுச்சேரிக்குப் போகும் கப்பலில் சூதாட்டம்தான் பிரச்சினை என்று சொல்ல ஒரு தனி நெஞ்சுறுதி வேண்டும்.)

டிக்கெட் போட்டதும் நான் செய்த முதல் வேலை ஸ்பிரெட்ஷீட் திறந்தது. தொழில் புத்தி. ஒரு துறைமுகத்தில் ஆறேழு மணி நேரம் மட்டும் கிடைத்தால் எப்படிச் செலவழிப்பது என்று எழுதப்பட்டவை முக்கால்வாசியும் மத்தியதரைக் கடலைப் பற்றியவை. ரோமுக்கான துறைமுகம் என்று டிக்கெட்டில் போட்டிருப்பார்கள். இறங்கினால் அது சிவிடவெக்கியா, ரோம் எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும். பிளாரன்ஸ் என்று போட்டிருந்தால் இறங்குவது லிவோர்னோவில், அங்கிருந்து தொண்ணூறு கிலோமீட்டர். ஏதென்ஸ் மட்டும் கொஞ்சம் நியாயம். பிரேயஸிலிருந்து பத்தே கிலோமீட்டர். ஆக அந்த எட்டு மணி நேரத்தில் நாலு மணி நேரம் ரோட்டிலோ ரயிலிலோ போய்விடும். மிச்சத்தில் கொலோசியத்தை வெளியே நின்று பார்த்து, ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டு, நீரூற்றில் காசு போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். இப்படி வந்துபோகிறவர்களின் கூட்டம் தாங்காமல்தான் 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்கள் வெனிஸின் நடு வாய்க்காலுக்குள் வரக்கூடாது என்று இத்தாலி அரசு நிறுத்தியது. ஊர்க்காரர்கள் பக்கமிருந்து பார்த்தால் ஆறு மணி நேர விருந்தாளி சாப்பிடாமல் கைகழுவிவிட்டுப் போகிறவன்.

இருந்தாலும் அந்தக் குறிப்புகளில் இரண்டு விஷயம் உருப்படியானவை. ஒன்று, தூரமான இடத்துக்கு முதலில் போ, கப்பலை நோக்கித் திரும்பி வந்துகொண்டே பக்கத்து இடங்களைப் பார். டயர் பஞ்சரானால் அது கப்பலுக்குப் பக்கத்தில் ஆகட்டும். இரண்டாவது, கப்பல்காரர்களே ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் போனால் வண்டி பிந்தினாலும் கப்பல் காத்திருக்கும். நீயாக ஆட்டோ பிடித்துப் போனால் காத்திருக்காது. இந்த இரண்டாவதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “நம்ம தனியா போலாம்” என்றாள். யோசிக்கவே இல்லை.

துறைமுகத்தில் கப்பல் நிற்கும் கொஞ்ச நேரம் எப்போதுமே ஏதோ ஒன்றுக்கான இடுக்காக இருந்திருக்கிறது. 1910 ஜூலை 8ஆம் தேதி மார்சேய் துறைமுகத்தில் மோரியா என்ற கப்பல் நின்றபோது, கைதியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சாவர்க்கர் கழிவறை வழியாகக் கடலில் குதித்துக் கரையேறி, சில நிமிஷங்களில் பிடிபட்டார். கரையில் காத்திருக்க வேண்டியவர்களில் நம்மூர் வ.வே.சு. ஐயரும் ஒருவர், அவரும் மேடம் காமாவும் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். பிரெஞ்சு மண்ணில் பிடித்தது செல்லுமா என்று வழக்கு ஹேக் நடுவர் மன்றம் வரை போய், 1911இல் பிரிட்டனுக்குச் சாதகமாக முடிந்தது. அரசியல் ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது தாமதமாக வந்தவர்களின் முகம்தான். கப்பல் நிற்கிறது, கடல் அப்படியே இருக்கிறது, வந்த காரியம் மட்டும் முடிந்துவிட்டது.

*

சைதாப்பேட்டையில் கடல் கிடையாது. ஆறு இருக்கிறது, அதை யாரும் ஆறு என்று கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. 1726இல் அதன் மேல் முதல் பாலத்தைச் சொந்தக் காசில் கட்டியது கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வியாபாரி. பரங்கிமலைப் படிக்கட்டும் அவர் போட்டதுதான். எங்கிருந்தோ வந்த ஒருவர் கட்டிய அந்த மர்மலாங் பாலம்தான் பின்னால் மறைமலை அடிகள் பாலம் ஆனது. எனக்கு விவரம் தெரிந்த நாளாக அதைத் தாண்டும்போது பஸ்ஸில் எல்லாரும் மூக்கைப் பொத்துவார்கள்.

அம்மா பிறந்து வளர்ந்தது ஜோன்ஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு வீட்டில். நீளமாக உள்ளே போகும் வீடு. பின்கட்டை எப்போதும் வாடகைக்கு விட்டிருந்தார்கள். 1984இல் அங்கே ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் வந்தது. எண்பத்து மூன்று ஜூலைக்குப் பிறகு வந்தவர்கள். அந்தச் சமயத்தில் முகாமுக்குப் போனவர்கள் ஒருபக்கம், கொஞ்சம் காசு புரட்ட முடிந்தவர்கள் சென்னையில் வீடு தேடியது ஒருபக்கம். இவர்கள் இரண்டாவது ரகம். தாய், இரண்டு பெண்கள், ஒரு பையன். தகப்பன் காங்கேசன்துறை சிமெண்ட் ஃபேக்டரியில் வேலை. அவர் வேலையை விடாமல் அங்கேயே இருந்தார், மாசா மாசம் யார் மூலமாகவோ பணம் வரும்.

அம்மாவுக்கு அப்போது பதினெட்டு. மூத்த பெண் அவளைவிட இரண்டு வயசு பெரியவள். மூன்று வருஷம் இரண்டு பேரும் ஒரே கிணற்றடியில் துவைத்து, ஒரே ட்ரான்சிஸ்டரில் பாட்டுக் கேட்டு, நூன் ஷோவுக்குப் போய்விட்டு வந்து சேர்ந்து திட்டு வாங்கியிருக்கிறார்கள். அந்த மூன்று வருஷத்தின் மிச்சம் எங்கள் வீட்டில் இன்றைக்கும் இருக்கிறது. சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன்காரம்மாவிடம் “வஞ்சிரம் வடிவா இருக்கு” என்று சொல்லும் ஒரே பெண்மணி என் அம்மாதான். சனிக்கிழமை இடியாப்பத்துக்குத் தேங்காய்ப் பால் பிழிந்து சொதி வைப்பாள். கோபம் வந்தால் சென்னை, ஆச்சரியம் வந்தால் யாழ்ப்பாணம். சின்ன வயசில் எல்லா அம்மாக்களும் ‘ஓம்’ என்று ஆமாம் போடுவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1987 ஜூலையில் இந்திய–இலங்கை ஒப்பந்தம் ஆனதும் அந்தக் குடும்பம் ஊருக்குத் திரும்பியது. பிரச்சினை தீர்ந்தது என்று நம்பிக் கிளம்பினார்கள். அக்கா கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். கடைசிக் கடிதம் 1990இல் வந்தது, நான் அம்மா வயிற்றில் இருந்தபோது. அந்த வருஷம் ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியது, ஃபேக்டரி மூடப்பட்டது, காங்கேசன்துறையைச் சுற்றியிருந்த ஊர்கள் மொத்தமாகக் காலியாயின. இந்தப் பக்கத்தில் 1991 மே மாதத்துக்குப் பிறகு இலங்கைக் கடிதம் என்றாலே தாத்தா பயப்பட ஆரம்பித்துவிட்டார். அப்படியே விட்டுப்போனது.

கடிதங்கள் மட்டும் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. 2015 டிசம்பரில் அடையாறு அந்த வீட்டுக்குள் கழுத்தளவு வந்தது. அம்மாவும் நானும் மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது டப்பா இருந்தது, உள்ளே நீலமாக ஒரு கூழ் இருந்தது. அதில் விலாசம் இருந்தது, தகப்பன் பெயர் இருந்தது, அக்காவின் பள்ளிக்கூடப் பெயர் இருந்தது. அம்மாவுக்கு அவர்கள் எல்லாரும் அத்தை, மாமா, அக்கா. அக்காவை வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர் மட்டும் தெரியும். ஒரு செல்லப் பெயரை வைத்துக்கொண்டு ஃபேஸ்புக்கில் ஒருவரைத் தேட முடியாது. தேடிப் பார்த்திருக்கிறேன்.

கப்பல் காங்கேசன்துறையில் நிற்கும் என்று டிவியில் சொன்னபோது அம்மா சமையற்கட்டிலிருந்து கரண்டியோடு வெளியே வந்து நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. விளம்பரம் போட்டதும் உள்ளே போய்விட்டாள். அன்றிரவே நான் டிக்கெட் விலை பார்த்தேன்.

*

ஹம்பாந்தோட்டையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெரிய துறைமுகம், பெரிய ரோடு, ரோட்டில் ஆள் குறைவு. திருகோணமலையில் கோணேஸ்வரத்திலிருந்து கீழே கடலைப் பார்த்தது நன்றாக இருந்தது. கப்பலைப் பற்றிச் சொல்வதென்றால், பதினோரு தளத்தில் அப்பா கண்டுபிடித்தது ஒன்று. எந்த நேரமும் ஏதோ ஒரு மூலையில் யாராவது சாப்பாடு போட்டுக்கொண்டிருப்பார்கள் என்பது. அம்மா ராத்திரியெல்லாம் மேல்தளத்தில் காற்றில் உட்கார்ந்திருந்தாள்.

காங்கேசன்துறை அன்று காலையில் அப்பா, “முட்டி வலிக்குது, நீங்க போய்ட்டு வாங்க” என்றார். முட்டி வலி உண்மை. எல்லாரும் இறங்கிப்போன கப்பலில் பஃபே வரிசை இருக்காது என்பதும் உண்மை.

கரைக்கு வந்து, முத்திரை வாங்கி வெளியே நின்றபோது மணி ஒன்பது. மூன்றரைக்குள் திரும்பிவிட வேண்டும். ஆறரை மணி நேரம். மத்தியதரைக் கடல் குறிப்புகளில் கப்பல் நேரம் வேறு, உள்ளூர் நேரம் வேறு, கடிகாரத்தை மாற்றாதே என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். இங்கே அந்தத் தொல்லை இல்லை. 2006இலிருந்து இலங்கைக்கும் நமக்கும் ஒரே மணி. ஒரே மணி, ஒரே பாஷை, நடுவில் ராமேஸ்வரம் போகிற தூரத்தைவிடக் குறைவான கடல். நாகப்பட்டினத்திலிருந்து இங்கே நூற்றிப் பத்து கிலோமீட்டர்தான். அதே வருஷம் அக்டோபரில் நாகப்பட்டினம் படகுச் சேவையும் தொடங்கியது, நின்றது, பிறகு 2024 ஆகஸ்டில் மறுபடி வந்தது. நாங்கள் போனபோது அது இல்லை.

வேன் ஓட்டிய தம்பிக்கு இருபத்தைந்து இருக்கும். “எங்க போகோணும் அம்மா?” என்றான்.

“யாழ்ப்பாணம் டவுன் போய்ட்டு, நல்லூர் பாத்துட்டு, திரும்பி மாவிட்டபுரம். கப்பல் மூன்றரைக்கு” என்றேன் நான்.

“ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. நேரத்துக்குக் கொண்டந்து விட்டுடுவன்.”

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அம்மா போக வேண்டிய இடம் துறைமுகத்திலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர். நேரே அங்கே போய், ஆறரை மணி நேரத்தையும் அங்கேயே செலவு செய்திருக்கலாம். தூரமானதற்கு முதலில் போ என்ற விதியை நான் சொன்னபோது அம்மா உடனே சம்மதித்ததற்குக் காரணம் டயர் பஞ்சர் இல்லை என்று நினைக்கிறேன். முப்பத்து மூன்று வருஷமாகத் தள்ளிப்போனதை இன்னும் மூன்று மணி நேரம் தள்ளிப்போடுவதில் அவளுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. தேடிப் போய்க் கிடைக்காவிட்டால் அதற்குப் பிறகு நாளில் மிச்சம் எதுவும் இருக்காதே.

காங்கேசன்துறை வீதி பதினெட்டு கிலோமீட்டர் நேராகத் தெற்கே போகிறது. தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், மருதனார்மடம், இணுவில், கொக்குவில். ஒவ்வொரு பெயர்ப் பலகையும் வரும்போது அம்மா அதற்கு முன்பே பெயரைச் சொன்னாள். ஒருமுறைகூடத் தப்பவில்லை. அவள் இந்த ரோட்டில் வந்ததே இல்லை. ஜோன்ஸ் ரோட்டுக் கிணற்றடியில் யாரோ பஸ் நிறுத்தங்களை ஒப்பித்ததைக் கேட்டு மனப்பாடம் ஆகியிருக்கிறது. தம்பி கண்ணாடியில் பார்த்து, “அம்மா எங்கட ஆக்களோ?” என்றான். “இல்லப்பா, மெட்ராஸ்” என்றாள். அவன் நம்பிய மாதிரித் தெரியவில்லை.

நல்லூரில் சட்டையைக் கழற்றி உள்ளே போனேன். ஒரு ரூபாய் அர்ச்சனைச் சீட்டு. அந்தக் கோயிலில் பூஜை மணி நிமிஷம் பிசகாது என்று பெயர். கப்பலுக்குப் பயந்துகொண்டிருந்த எனக்கு அது ஆறுதலாக இருந்தது. தூணில் சாய்ந்து வாட்ச் பார்க்கிற ஒரே ஆள் நானில்லை, ஊரே பார்க்கிறது.

நூலகத்துக்கு உள்ளே போகவில்லை. அதற்கு நேரம் வைக்கவில்லை. வெளியே சரஸ்வதி சிலைக்கு எதிரே கால்மணி நேரம் நின்றோம். வெள்ளைக் கட்டடம், நடுவில் கும்பம், வெயிலில் கண் கூசியது. 1959இல் திறந்த அந்த நூலகத்தை வரைந்தவர் சென்னைக்காரரான நரசிம்மன். நூலக விஷயங்களுக்கு ஆலோசனை சொன்னவர் எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை இருபது வருஷம் நடத்தியவர். 1981 மே 31 இரவு எரித்தார்கள். ஏறக்குறைய தொண்ணூற்றேழாயிரம் புத்தகங்கள், ஓலைச் சுவடிகள். மறுபடி கட்டி 2003இல் திறந்திருக்கிறார்கள். அதே மாதிரியே கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் முதலில் ஆச்சரியமாக இருந்தது. எரிந்ததன் ஒரு சுவரையாவது விட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அது வெளியூர்க்காரன் நினைப்பு. வெளியூர்க்காரனுக்கு நினைவுச் சின்னம் வேண்டும், ஊர்க்காரனுக்கு லைப்ரரி வேண்டும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

அம்மா என்னைக் கேட்டாள்: “உள்ள எழுத்து எல்லாம் தண்ணில போனா கூழாகும். நெருப்புல போனா?”

“சாம்பல்தாம்மா.”

“அது பறக்கும் இல்ல.”

கோட்டையை வண்டியிலிருந்தே பார்த்தோம். தம்பி ஐஸ்கிரீம் கடையில் நிறுத்தட்டுமா என்று கேட்டான், கப்பலில் வருகிறவர்கள் எல்லாரும் அங்கே நிறுத்தச் சொல்வார்களாம். அம்மா முதல்முறையாக என் வாட்சைப் பிடித்துத் திருப்பி மணி பார்த்தாள். பதினொன்று நாற்பது. “திரும்பலாம்” என்றாள்.

*

காங்கேசன்துறை என்ற பெயருக்கே ஒரு கப்பல் கதை இருக்கிறது. மாருதப்புரவீகவல்லி என்று ஒரு சோழ இளவரசி. அவளுக்குக் குதிரை முகம். கீரிமலை நீரூற்றில் குளித்து அது நீங்கியது. குதிரை முகம் விட்ட ஊர் மாவிட்டபுரம். நன்றிக்கு அவள் கட்டிய கோயிலுக்காக அக்கரையிலிருந்து காங்கேயன் என்ற முருகன் சிலை வந்து இறங்கிய துறை, காங்கேயன் துறை. ஐதீகம்தான். ஆனால் சைதாப்பேட்டையிலிருந்து வந்த ஒருத்தியிடம் அந்த ஊர்ப் பிள்ளை இந்தக் கதையை என்ன தொனியில் சொல்லியிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். ‘எங்கட சாமியே உங்கட ஊரிலயிருந்துதான் வந்தது’ என்று ஒருநாள், ‘எங்கட ஊர்த் தண்ணியிலதான் உங்கட இளவரசிக்குச் சுகம் வந்தது’ என்று சண்டை போட்ட இன்னொரு நாள்.

போரில் சிதைந்து மறுபடி எழுந்த கோயில் அது. நாங்கள் போனபோது நடை சாத்தியிருந்தது. அம்மாவுக்கு வழி ஞாபகம் இருந்தது. வழி என்றால் இதுதான்: கோயிலைப் பார்த்து நின்றால் ஃபேக்டரிப் புகை ஒரு பக்கம் தெரியும். புகை வருகிற பக்கமாக நடக்க வேண்டும். மூன்றாவது ஒழுங்கை. ஒழுங்கை முக்கில் ஒரு வேம்பு. உள்ளே போனால் இடப்பக்கம் பச்சை கேட், வளவுக்குள் இரண்டு பலா.

கூகுள் மேப்பில் போட முடியாத விலாசம். அதில் முதல் அடையாளமான புகை நின்று முப்பத்து மூன்று வருஷம் ஆகிறது. தம்பிக்குப் புகை தெரியாது, அவன் பிறக்கும் முன்பே நின்றது. ஆனால் ஃபேக்டரி இருந்த திசை தெரியும். கை நீட்டிக் காட்டினான். அந்தப் பக்கமாக நடந்தோம்.

இந்த மண்ணுக்கு அடியில் முழுக்கச் சுண்ணாம்புக் கல். அதனால்தான் சிமெண்ட் ஃபேக்டரி இங்கே வந்தது, அதனால்தான் இந்தக் குடாநாட்டில் ஆறே இல்லை. பெய்கிற மழை கல்லுக்குள் இறங்கிவிடும், எல்லா வீட்டுக்கும் கிணறுதான். மேலே மண் செம்மண். அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

வலிகாமம் வடக்கு என்ற இந்தப் பகுதி 1990க்குப் பிறகு உயர் பாதுகாப்பு வலயம். போர் முடிந்து பல வருஷமாகத் துண்டு துண்டாக விடுவித்தார்கள், நாங்கள் போனபோதும் எல்லாம் விடுபட்டிருக்கவில்லை. விட்ட இடங்களிலும் திரும்பி வந்தவர்கள் பாதி. அதனால் ஒழுங்கைகள் பல்லுப் போன வாய் மாதிரி இருக்கும். புதுசாக வண்ணம் அடித்த ஒரு வீடு, அடுத்து பற்றைக்காடு, அடுத்து கூரையில்லாத சுவர், மறுபடி ஒரு வீடு, வாசலில் கோலம்.

மூன்றாவது ஒழுங்கை முக்கில் வேம்பு இல்லை. எதை ஒழுங்கை என்று எண்ணுவது என்பதிலும் குழப்பம், நடுவில் ஒன்று பாதியில் மூடிக்கிடந்தது. அதைக் கணக்கில் சேர்த்தால் ஒன்று, சேர்க்காவிட்டால் வேறொன்று. இரண்டிலும் போய்ப் பார்த்தோம். இரண்டாவதில் இடப்பக்கம் ஒரு வளவு. கேட் இல்லை, கேட் தொங்கிய தூண் ஒன்று மட்டும். உள்ளே சிமெண்ட் தரை ஒரு வீட்டின் வடிவத்தில் கிடந்தது. அறை, அறை, நீளமாக ஒரு விறாந்தை. பலா ஒன்று நின்றது. கிணறு இருந்தது. எட்டிப் பார்த்தேன், தண்ணீர் தெளிவாக, மேலேயே இருந்தது.

அம்மா தரையின் மேல் ஏறவில்லை. ஓரமாகவே சுற்றி வந்தாள். யாரோ படுத்திருக்கும் இடத்தைச் சுற்றிப் போவது மாதிரி.

“இதுதானாம்மா?”

“தெரியலடா. ரெண்டு பலான்னுதான் சொல்லுவா.”

சைக்கிளில் போன ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துவிட்டு இறங்கினார். எழுபதுக்கு மேல் இருக்கும். “ஆரைத் தேடுறியள்?”

அம்மா சொன்னாள். எண்பத்து நாலில் மெட்ராஸுக்கு வந்த குடும்பம், மாமா சிமெண்ட் ஃபேக்டரி, இரண்டு பெண்கள், ஒரு பையன், எண்பத்தேழில் திரும்பி வந்தார்கள். பெரியவர் சைக்கிளைப் பிடித்தபடியே கேட்டார். கேட்டுவிட்டு, “தகப்பன்ட பேர் என்ன?” என்றார்.

அம்மா வாயைத் திறந்து மூடினாள். “மாமான்னுதான் கூப்பிடுவேன்.”

“பிள்ளையின்ட பேர்?”

அம்மா செல்லப் பெயரைச் சொன்னாள். அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், கண்ணை மூடி, வீடு வீடாகப் போகிற மாதிரி. அந்தப் பெயர் இந்த ஊரில் வீட்டுக்கு ஒன்று இருக்கும் என்றார். “சீமெந்து ஃபேக்டரியில வேலை செஞ்ச ஆக்கள் இந்தப் பக்கம் கனபேர். எல்லாரும் தொண்ணூறில வெளிக்கிட்டது. சிலர் வன்னிக்குப் போச்சினம். சிலர் கொழும்பு, கனடா. நாங்கள் இருபத்தேழு வருஷம் முகாமில இருந்திட்டு வந்தனாங்கள். எங்கட வளவையே எது எண்டு கிணத்தை வச்சுத்தான் பிடிச்சது.”

வன்னி என்ற சொல் வந்தபோது அம்மா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. 2009 இரண்டு பேருக்கும் தெரியும். அவர் அதற்குமேல் போகவில்லை. “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ, வீடு உதிலதான்” என்றார்.

மணி ஒன்று ஐம்பது. கீரிமலை போய் அம்மா கால் நனைக்க முப்பது நிமிஷம் என்று ஷீட்டில் போட்டு வைத்திருந்தேன். அம்மா ஏற்கெனவே அவர் பின்னால் நடக்க ஆரம்பித்திருந்தாள். மனசுக்குள் அந்த வரிசையை டெலீட் பண்ணினேன்.

அவர் மனைவி பிளேன் டீ போட்டு, கூடவே ஆளுக்கொரு துண்டு சர்க்கரை கொடுத்தார்கள், கடித்துக்கொண்டு குடிக்க. அம்மாவுக்கு அந்த முறை தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை, நான் சர்க்கரையைத் தம்ளருக்குள் போட்டுக் கலக்கினேன். அந்த அம்மாளுக்குச் சென்னையில் எந்த இடம் என்று தெரிய வேண்டும். சைதாப்பேட்டை என்றதும், “ஓ, கிண்டிக்குப் பக்கத்தில. என்ட தமையனும் கொஞ்ச நாள் வளசரவாக்கத்தில இருந்தவர்” என்றார். அதன்பிறகு அரை மணி நேரம் இரண்டு பெண்களும் கதைத்தார்கள். பேசினார்கள் என்று எழுத வரவில்லை. சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், லாரிக்குக் காத்திருந்தது, பார்க்காமல் விட்ட படங்கள். அம்மாவின் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போனது. முடிவில் அவளும் “எண்டு” என்று சொன்னாள். என் அம்மா பதினெட்டு வயசில் எப்படிப் பேசியிருப்பாள் என்று அங்கேதான் கேட்டேன்.

கிளம்பும்போது அம்மா பையைத் துழாவினாள். எழுதக் காகிதம் இல்லை. கப்பலில் தினமும் காலையில் கதவடியில் போடும் நிகழ்ச்சி நிரல் ஒன்று மடித்துக் கிடந்தது, பிங்கோ நாலு மணி, மேஜிக் ஷோ ஏழு மணி என்று. அதன் பின்பக்கம் தன் பெயர், சைதாப்பேட்டை, என் நம்பர், அவள் நம்பர், அக்காவின் செல்லப் பெயர், ‘1984–87, ஜோன்ஸ் ரோடு வீடு’ என்று எழுதினாள். யாராவது அந்த வளவைப் பார்க்க வந்தால் கொடுங்கள் என்றாள். கோடையில் கனடாக்காரர்கள் வருவார்கள், கோயில் திருவிழாவுக்கு ஊர் கூடும், அப்போது விசாரிக்கிறேன் என்று பெரியவர் வாங்கி இரண்டாக மடித்து, சுவாமிப் படத்துக்குப் பின்னால் செருகினார்.

இரண்டு ஐம்பதுக்கு வேன் துறைமுக வாசலில் இருந்தது. நாற்பது நிமிஷம் பஃபர். என் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு பஃபரோடு எதையும் முடித்ததில்லை. தம்பி காசு வாங்கும்போது, “கிடைச்சுதோ?” என்று அம்மாவிடம் கேட்டான். அம்மா, “கிணறு பாத்தேன்” என்றாள். அவன் தலையாட்டினான், அது ஒரு சரியான பதில் என்பது போல.

கப்பல் கிளம்பியபோது யாரும் ஓடி வரவில்லை. எல்லாரும் நேரத்துக்கு ஏறிவிட்டிருந்தார்கள். அப்பா, “ஊர் எப்படி?” என்றார். “வடிவு” என்றாள் அம்மா.

இது நடந்து நாளாகிவிட்டது. என் போனில் தெரியாத நம்பர்களை ஒரு செயலி தானாக வெட்டிவிடும். அம்மா போனிலும் அதைப் போட்டு வைத்திருந்தேன். திரும்பி வந்த மறுநாளே எடுக்கச் சொல்லிவிட்டாள். இப்போது எந்த நம்பர் வந்தாலும், அடுப்பில் பால் பொங்கினாலும், எடுக்கிறாள். எடுத்ததும் ‘ஹலோ’ சொல்வதில்லை, ‘ஓம், சொல்லுங்கோ’ என்கிறாள். போன வாரம் கிரெடிட் கார்டு விற்கிற ஒரு பையனிடம் பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தாள். அவன் சொந்த ஊர் புதுக்கோட்டையாம்.